நயினார் இடுப்பில் துப்பாக்கி

சுமதிகுமார் நயினார் துப்பாக்கி வாங்கிய கதையைத் திண்டிவனத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எல்லாம் புளுகு. கூடப் போனவன் நான், ராஜாமணி. அவருடைய மல்லாட்டை மண்டியில் இருபது வருஷமாகக் கடலை மூட்டை எடை போடுகிறேன்.

நயினார் ஜைனர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். பொய் சொல்ல மாட்டார். மூட்டை இடுக்கில் எறும்பு தெரிந்தால் அது போகிறவரை தராசைத் தொட விட மாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட மனுஷனிடம் கோலியனூர் ரோட்டில் ரெண்டு பேர் கத்தியைக் காட்டிப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

பெங்களூரில் இருக்கும் ஒரே மகன் வைபவ் போனில் பதறினான். அம்மா அனந்தவல்லி செத்ததிலிருந்து அப்பா வீட்டில் தனி. வந்து நாலு நாள் இருந்திருக்கலாம். வரவில்லை. “துப்பாக்கி ஒண்ணு வாங்கி இடுப்புல வச்சிக்கோங்கப்பா. அப்பதான் எனக்கு நிம்மதி” என்றான்.

லைசென்ஸ் கைக்கு வர ஒன்றரை வருஷம். சென்னைக் கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார்.

“வேட்டி கட்டறீங்க. இது கனம், கீழ இழுக்கும். இந்தச் சின்னதைப் பாருங்க, தட்டையா இருக்கும், சட்டைக்கு மேல தெரியாது. உக்காந்து பாருங்க, குனிஞ்சு பாருங்க.”

நயினார் உட்கார்ந்தார், குனிந்தார், திரும்பி நின்றார். “தெரியுதா ராஜாமணி?”

“தொந்திதாங்க தெரியுது.”

சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கடைக்காரர் தோல் உறையை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டார். “தோலு வேணாங்க. துணியில இருந்தா குடுங்க.”

“துப்பாக்கி ஆவும், தோலு ஆவாதா?” என்று கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஊருக்கு வந்து, அம்மாவின் நீலப் புடவையைக் கிழித்து நாலு மடிப்பாக நயினாரே உறை தைத்துக்கொண்டார்.

மகனுக்குச் சொன்னார். “சூப்பர்ப்பா. இனிமே கவலையில்ல” என்றான். கவலை போனது, போனும் போனது. மாசத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டு, “வச்சிருக்கீங்களா?” என்பான். “வச்சிக்கினுதான் இருக்கேன்” என்பார். அவ்வளவுதான்.

பாராளுமன்றத் தேர்தல் வந்தது. லைசென்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நயினார் கொடுத்து ரசீது வாங்கி வந்து மகனிடம் சொன்னார். பையனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து காலையில் ஒரு போன், பொழுது சாயும்போது ஒரு போன். சாப்டீங்களா, கதவு தாழ்ப்பா சரியா இருக்குதா, முட்டிவலி எப்படி இருக்குது? நயினார் போனைக் காதில் வைத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே நடப்பார். பேத்தி பிராமிகூட ஒரு நாள் பேசினாள். அந்த எண்பது நாளும் நயினார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

ரிசல்ட் வந்தது. துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். நயினார் நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டினார்.

“ஜல்தியா போய் வாங்கிக்கினு வர்றதுக்கு இன்னாங்க சோம்பேறித்தனம்?” என்று கடிந்து, நானே பைக்கில் கூட்டிப்போனேன். கூறுகெட்ட ஜென்மம் நான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

திரும்பி வந்ததும் வைபவ் கூப்பிட்டான். “வாங்கியாந்துட்டேன் கண்ணு” என்றார். பொய் சொல்லத் தெரியாதே.

“அப்பாடா! சரிப்பா, மீட்டிங் இருக்குது, வச்சிடறேன்.”

மறுநாள் காலையில் போன் வரவில்லை. சாயங்காலம் நயினார் சாப்பாட்டு டப்பாவை எதிரே வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்தது. டப்பாவைத் திறக்காமலே பையில் வைத்தார். இனி நாளைக்குத்தான் சாப்பாடு.

“ராஜாமணி, அடுத்த எலெக்‌ஷன் எப்ப வருது?”

சட்டசபைத் தேர்தலுக்கே ரெண்டு வருஷம் இருக்கிறது. எனக்குத் தெரியும்.

“சீக்கிரமே வந்துடுமுங்க” என்றேன்.