ஒரு கண்ணில் மட்டும் மின்னிய கடல்

"உனக்கு ரெண்டு கண்ணும் ஒழுங்காத் தெரியுதாம்மா?" என்று கேட்டார் ஒளிப்பதிவாளர். தங்கச்சிமடம் கரையில் நாட்டுப்படகுகளை த்ரீடியில் எடுத்துக்கொண்டிருந்தோம். இடது கேமராவில் கடல் பளீரென்று அடிக்கிறது, வலதில் மங்கலாக இருக்கிறது என்று அவருடைய உதவியாளரான நான் சொன்னதற்கு வந்த பதில் அது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரிடம் வேலை பார்ப்பவர்கள் சிரிக்கத்தானே வேண்டும்.

த்ரீடிக்குக் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு கேமரா வேண்டும். எங்களுடையவை பருத்தவை, அருகருகே வைத்தால் மனிதக் கண்களின் இடைவெளிக்குள் அடங்காது. அதனால் வலது கேமரா நேராகப் பார்க்கும், இடது கேமரா மேலிருந்து கீழே பார்க்கும். நடுவில் சாய்த்து வைத்த கண்ணாடி பாதி வெளிச்சத்தை ஒன்றுக்கு விட்டு, மீதியை மற்றதற்குத் திருப்பும். ஆனால் தண்ணீரின் பளபளப்பை அது சமமாகப் பங்கிடாது. முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டினால் சரியாகிவிடும். அது பெட்டியிலேயே இருந்தது. மாட்டலாம் என்றேன்.

"வெளிச்சத்தக் குடிச்சிரும்" என்று ஒளிப்பதிவாளர் மறுத்துவிட்டார். அதைப் பற்றி அவர் படித்ததில்லை, நான் படித்திருக்கிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் வசதி எனக்கு வாய்த்ததில்லை.

த்ரீடி கண்ணாடி போட்டு மானிட்டரைப் பார்க்கச் சொன்னேன். அதற்குக் கூலிங் கிளாஸைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை. நாள் முழுக்க வலது கேமராவின் படத்தை மட்டும் பார்த்து "பிரமாதம்" என்றார்.

படகுக்காரர் ஒருவர் என் காதருகே கேட்டார்: "ஏந்தாயி, ஒண்ணத்தான் பாப்பாருன்னா இன்னொண்ண எதுக்குச் சொமந்துக்கிட்டு வந்தீங்க?"

"வாடகைக்கு எடுத்தாச்சுல்லண்ணே."

மாலையில் ராமநாதபுரம் லாட்ஜில் எடுத்ததை த்ரீடியில் போட்டுப் பார்த்தபோது தயாரிப்பாளர் கண் வலிக்கிறதென்று நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "கேமரா ரெண்டையும் சேத்துப் பூட்டுனது இந்தப் பொண்ணுதான் சார்" என்றார் ஒளிப்பதிவாளர், துளியும் தயங்காமல். என் வேலைக்கே உலை.

"ஒரு கண்ண மூடிப் பாருங்க சார். அப்புறம் மத்தத மூடுங்க" என்றேன். "நான் கோணலாப் பூட்டியிருந்தா படகும் கோணியிருக்கணும். படகு சரியாத்தான இருக்கு? தண்ணி மட்டுந்தான சார் வேற மாதிரி இருக்கு?"

மாறி மாறி மூடிப் பார்த்தார். புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்தார்?

"விடும்மா, கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கலாம். அவரு பெரிய ஆளு. அடுத்த ஷெட்யூல்லயும் அவருக்குக் கீழ இருந்து தொழிலக் கத்துக்க."

"நான் வரல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பெரியபட்டினத்தில் இறங்கியிருந்த இன்னொரு படக்குழு, இரட்டைக் கேமராவுக்குப் பொறுப்பாக ஓர் ஆள் கேட்டிருந்தது. லாட்ஜ் படியில் நின்றபடியே அவர்களுக்குப் போன் போட்டு, காலை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். உதவியாளராக வரவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன்.