ஓடைத் தண்ணீர்

விடுமுறையில் எங்கள் மாத்தளைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கிறிஸ்தவ வேதம் சொல்ல யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கல்லூரி மாணவர் அவர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. பேச்சுக்கிடையே வறண்ட உதட்டை நக்கிக்கொண்டே இருப்பார்.

"கடவுளுக்கு முன்னாலை நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்" என்றார்.

அம்மா மகிழ்ந்துபோய்ச் செம்பில் தேத்தண்ணி கொண்டுவந்தாள். "நம்ம வூட்டுல ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்கய்யா."

"வேண்டாம், இப்பத்தான் குடிச்சனான்."

எங்கள் சாதியைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் முதலிலேயே கேட்டு வைத்திருந்தாராம்.

கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது திரும்பிப் பார்த்தேன். கீழே ஓடையில் குனிந்து, இரு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தார். மேலே எங்கள் லயமே குளித்துத் துணி துவைத்த தண்ணீர்தான் அங்கே இறங்குகிறது.

கூப்பிட்டுத் தடுத்திருக்கலாம். ஒரே குடும்பம் என்று அவரே சொன்ன பிறகு நான் எதற்குத் தடுக்க வேண்டும்?