என்னிடம் வேலை செய்யாதவளுக்கு ஒரு கடிதம்

கல்முனையில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைப் பெயரில் ரப்பர் முத்திரையும் உண்டு. அந்த முத்திரையைத் தேடித்தான் பக்கத்துத் தெருப் பெண் வந்தாள். பாலமுனையில் படுக்கையோடு கிடக்கும் ஓர் உம்மாவைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டிலிருக்கும் மகள் ஆள் தேடுகிறாளாம். முன்பு வேலை செய்த இடத்திலிருந்து கடிதம் இல்லாமல் வேலைக்கு எடுக்கமாட்டாளாம். கணவன் போன பிறகு பிள்ளைகளோடு தத்தளிக்கிறவளுக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

ஆனால் அவள் எங்கும் வேலை செய்ததில்லை. ஊரில் ஒரு பெண் மௌத்தானால், அடக்குவதற்கு முன் மையத்தாகிக் கிடக்கும் உடலைக் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு அவள் கூலி வாங்குவதில்லை.

"உன்னப் பத்திச் சொல்லக்கூடிய ஆக்களெல்லாம் மையவாடி மண்ணுக்குள்ள கிடக்காங்க, புள்ள" என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனது கடையில் பணிபுரிந்தார்" என்று எழுதத் தொடங்கினேன். எட்டிப் பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் வேணாம் ராத்தா. எனக்கு ஊசில நூல் கோக்கவும் தெரியாது."

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையை எழுதினால், மையத்தைத் தொட்ட கை என்று முகம் சுளிக்கமாட்டார்களா? ஆனாலும் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, என் உம்மா மௌத்தான அன்று அவளிடம் கண்டதை எழுதினேன்.

இலந்தை இலை போட்ட வெந்நீரை முதலில் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்தாள். சூடு தணியும்வரை காத்திருந்தாள். போர்த்திய துணி விலகாமல், அதற்கடியில் கை விட்டுக் கழுவினாள். "உம்மா, இந்தப் பக்கம் திருப்பப் போறன், கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பினாள். கேட்காத காதுக்கு யார் இப்படிச் சொல்வார்கள்? வாளியோடு நின்ற நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளைவிடப் பெரிய மனுஷியை நான் கண்டதில்லை.

"இவர் என்னிடம் ஒருநாளும் வேலை செய்ததில்லை" என்று முடித்து, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

சில நாளில் அந்த மகளே முத்திரையிலிருந்த ஃபோன் நம்பருக்குக் கோல் எடுத்தாள். "நீங்க எழுதினது உண்மையா?"

"ஓம். பக்கத்தில நிண்டு பார்த்தவ நான்."

"அவங்கள நாளைக்கே வரச் சொல்லுங்க" என்றாள்.

செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிப்போய்ச் சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்கவேயில்லை.

"அந்த உம்மா கதைப்பாவா, ராத்தா?"

"கதைப்பாவாம். நல்லா ஏசவும் செய்வாவாம்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்! தண்ணி சூடெண்டா இனி ஆள் சொல்லும்."