துப்பாமல் குடித்த கேபர்னே

ஒயின் ருசி பார்க்க வைக்கும் தொழிலில், விருந்தினர் கிளாஸைக் கையில் வாங்கும்வரைதான் நாம் நிபுணர். கவுண்டருக்குப் பின்னால் நின்று எதையாவது விளக்கிச் சம்பளம் வாங்கும் சக துன்பக்காரர்களே, உங்களுக்கு இது புரியும்.

முதலாளியின் நிபந்தனை

கன்னியாகுமரிப் பக்கம் பார் உள்ள ஒரு ஹோட்டலில் ஒயின் பிரிவு என் பொறுப்பு. பிரிவு என்றால் ஓர் அலமாரியும் நானும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மூன்று பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி வைத்தேன். ஒன்று கேபர்னே திராட்சை மட்டும் போட்டது. மற்ற இரண்டும் அதே கேபர்னேயில் வேறு திராட்சை கலந்தவை: ஒன்றில் மெர்லோ, இன்னொன்றில் ஷிராஸ். வழக்கமாக வரும் மூன்று பேர் ருசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனக்குத் தனிக் கேபர்னே மீது பக்தி. முதலாளிக்கு எதன் மீதும் கிடையாது. "மூணு பேரும் ஒண்ணையே சொன்னா அலமாரி இருக்கும். இல்லன்னா அதுல ஐஸ்கிரீம் வைப்பேன், நீ ரிசப்ஷனுக்குப் போயிரு மக்கா."

வாளி

ருசி பார்ப்பவர் விழுங்கக் கூடாது, துப்ப வேண்டும் என்பது விதி. அதற்கென்று ஒரு சில்வர் வாளி வைத்திருந்தேன். சின்னமுட்டத்தில் விசைப்படகு வைத்திருக்கும் மரியதாஸ் அண்ணன், மெர்லோ கலந்ததை வாய் நிறைய வைத்துக்கொண்டு வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விழுங்கினால் நாக்கு மங்கிவிடும் என்று விளக்கினேன். மடக்கென்று விழுங்கிவிட்டு, இது போதும், இதுதான் எனக்கு என்றார். பிறகு வாளிக்கு வந்தார்: "சர்ச்சுல பூசையில சாமியாரு மட்டும் குடிக்கித சாதனம் இப்பதான் எனக்குக் கிட்டியிருக்கு. அதக் கொண்டு வாளியில துப்பச் சொல்லுதியா, மக்கா?"

வாடை

ஷிராஸ் கலந்ததில் லேசாக ரப்பர் வாடை. என் புத்தகங்கள் அதைக் குற்றம் என்கின்றன. பாட்டிலை நைசாக மேஜைக்குக் கீழே கடத்தினேன். குலசேகரத்து ரப்பர் வியாபாரி செல்வராஜ் அதற்குள் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டுக் கண்ணை மூடியிருந்தார். நான் ரிசப்ஷன் சீருடையை நினைத்துக்கொண்டேன். "புகைப்புரையில நல்லா உணங்குன ரப்பர் ஷீட்டு மணம்லா இது! பாட்டில எதுக்கு ஒளிச்சி வைக்கிய? இஞ்ச கொண்டா!"

உப்பு

மூன்றாமவர் ஸ்டெல்லா அக்கா, மரியதாஸ் அண்ணனின் மனைவி, குவைத்தில் நர்ஸாக இருந்து திரும்பியவர். தனிக் கேபர்னேயை ஒரு வாய் குடித்ததும் முகம் சுருங்கியது. துவர்ப்புதான் இந்தத் திராட்சையின் பெருமை என்று ஆரம்பித்தேன். "கொல்லாம்பழம் தின்ன மாதிரி நாக்கப் பிடிக்குது. பிரசங்கம் போதும், ஒரு நுள்ளு உப்பு இருந்தா எடு."

உப்புப் போட்ட பிறகு, அவருக்கு அதுதான் பிடித்தது.

ஒருமனது

ஆக, ஆளுக்கு ஒன்று. முதலாளி டேப் எடுத்து அலமாரியை அளக்கத் தொடங்கினார், ஐஸ்கிரீம் பெட்டிக்கு. அப்போது ஸ்டெல்லா அக்கா எழுந்து, மூன்று பாட்டிலிலும் மிச்சமிருந்ததைத் தண்ணீர் ஜக்கில் கவிழ்த்தார். கல்யாணத்துக்கு மறுநாள், மிஞ்சிய சாம்பாரையும் அவியலையும் ஒரே சட்டியில் கொதிக்கவிட்டுப் பழங்கறி வைக்கிற ஊர்; கை தானாகவே செய்துவிட்டது. கேபர்னேயைக் கலக்க பிரான்சில் சொட்டுச் சொட்டாக அளவு பார்ப்பார்கள் என்று நான் கதறுவதற்குள் மூன்று கிளாஸும் காலி. நானும் ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு அடங்கி, புகை பின்னால் நின்றது. சொல்லவே வெட்கம், நன்றாக இருந்தது. மூவரும் ஜக்கைக் காட்டி "இதுதான்" என்றார்கள். முதலாளி டேப்பைச் சுருட்டினார்: "நாளைக்கும் இதே மாதிரி கலக்கி வச்சிரு மக்கா, பழங்கறின்னே பேரு எழுதிருவோம்."

மூன்றையும் பிரித்தறியப் படித்த நான், இப்போது தினமும் சாயங்காலம் அவற்றை ஒன்றாகக் கலக்கித்தான் சம்பளம் வாங்குகிறேன்.