சாணி மெழுகின மண்

நைனாவுக்கு அடையாறில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை. பின்னால் ஒரு ரூமில் எங்கள் குடும்பம். எனக்கு அப்போது ஒன்பது வயசு, அக்காவுக்குப் பன்னிரண்டு.

பங்களா அம்மாவுக்கு ஒரு யோசனை. சீமைப் புல்லைப் பேர்த்துப் போடு, முன்னே இந்த மண்ணில் தானாக முளைத்ததை எல்லாம் திரும்ப வை, தேனீயும் பட்டாம்பூச்சியும் வரும் என்றார். ஞாயிறுதோறும் நைனா சைதாப்பேட்டை ஆத்தோரம் போய்த் தும்பை, ஆவாரை, கிலுகிலுப்பை என்று வேரோடு எடுத்து வருவார். சைக்கிளில் முன்னால் அக்கா. அவளுக்குச் செடி அடையாளம் தெரியுமாம். எனக்குத் துடைப்பம்தான் தெரியும். நான் வீட்டில்.

வயிறு எரிந்தது.

செடிகளுக்கு நடுவில் ஒரு பாய் அகலம் மண்ணைச் சும்மா விட்டிருந்தார்கள். அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். "குட்டித் தேனீ மண்ணுக்குள்ளதான் வூடு கட்டுதும்மா" என்று அக்காதான் கண்டுபிடித்தாள். பங்களா அம்மா, "கெட்டிக்காரி" என்று அவள் கன்னத்தைத் தட்டினார். நைனா மீசைக்குள் சிரித்தார். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததே இல்லை.

மறுநாள், தேனீ எல்லாம் மேயப் போன நேரமாகப் பார்த்துச் சாணி கரைத்தேன். அந்த மண்ணைக் கெட்டியாக மெழுகினேன். ஒரு ஓட்டை விடவில்லை. மேலே கோலமும் போட்டேன்.

திரும்பி வந்த தேனீக்கள் கோலத்தையே சுற்றின. உட்கார்ந்தன, எழும்பின, உட்கார்ந்தன. பங்களா அம்மா பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"இன்னா இது? யார் வேலை?" நைனா கத்தினார்.

நான் கையைப் பின்னால் ஒளித்தேன்.

"நான்தான் நைனா. அழகா இருக்கும்னு" என்றாள் அக்கா.

அடி விழவில்லை. அக்கா தென்னங்குச்சி எடுத்துக் காயாத சாணியில் ஓட்டை ஓட்டையாகக் குத்திக்கினு இருந்தாள்.

அடுத்த ஞாயிறு நைனா, "அவ இருக்கட்டும், நீ வா" என்றார். சைக்கிள் பாரில் ராணி மாதிரி உட்கார்ந்தேன். அக்கா பார்க்கட்டும் என்று மணியையும் அடித்தேன்.

ஆத்தோரம் களைக்கொத்தைக் கையில் கொடுத்தார். அப்புறம், "உங்கக்கா சாணியத் தொட மாட்டாளே. நாத்தத்துக்கே வாந்தி எடுப்பா" என்றார்.

"ஆமா நைனா, அவளுக்கு ஆவாது. வூட்ல நான்தான் மெழுகறது" என்றேன் பெருமையாக.

என்னையே பார்த்தார்.

"வேர் அறுந்துடும். மெதுவா தோண்டு."

தோண்டினேன். எதுக்கு அப்படிப் பார்த்தார் என்று எனக்கு விளங்கவே இல்லை.