இரண்டு பேருக்கு ஓர் அன்ரி

நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில், மில்லிக்கனில், நான் இரண்டு வருடம் வேலை செய்த மருந்துப்பொருள் வெயர்ஹவுஸின் சாப்பாட்டு அறையில் ஒரு வெள்ளைப் பிரிட்ஜ் நின்றது. யூலை பிறந்துவிட்டால் அதன் கதவு வெள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. பெட்டிகளில் ஒட்டும் முகவரி லேபிள்கள் சில, அச்சு விழாமல் வெறுமையாக மெஷினிலிருந்து வந்துவிடும். நாங்கள் எல்லோரும் அன்ரி என்று கூப்பிடும் மூத்த பெண் ஒருவர் அவற்றைச் சேர்த்துவைத்து, கறுப்பு மார்க்கரால் தமிழில் பெயர் எழுதிக் கதவில் ஒட்டுவார். இடப்பக்கம் வாறவை, வலப்பக்கம் போறவை. எல்லாம் எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணிக்கு வரக்கூடிய, அதை விட்டுப் போகக்கூடிய ஆட்கள். ஆனால் அவர்களுடைய தாய் தகப்பன் வைத்த பெயர்கள் அல்ல, அன்ரி வைத்த பட்டங்கள். சுவிங்கம், நெட்டையன், சங்கிலி, கோவக்காரன். எங்களுடன் வேலை செய்த பிலிப்பீன்ஸ்காரர் ஒருவர் அதை ஏதோ கோயில் விசயம் என்று நினைத்து, பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் மரியாதையாகத் திறப்பார்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. யூலை முடியும் தறுவாயில் ஒரு நாள் உண்டு. அன்று மாலையோடு அணிகள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் வாசல் மூடப்பட்டுவிடும். கிண்ணம் வெல்லும் நம்பிக்கை உள்ள அணி நல்ல ஆளைத் தேடும். நம்பிக்கை போன அணி இருக்கும் நல்ல ஆளைக் கொடுத்து இளையவர்கள் இரண்டு மூன்று பேரை வாங்கும். அந்த நாளுக்கு முந்திய நாலு கிழமையும், அதாவது யூலை மாதம் முழுவதும், யார் போவார், யார் வருவார் என்று வதந்தி பறக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆட்டத்தைவிட அந்த நாலு கிழமையில்தான் மோகம். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படித்து முடித்த கையோடு அந்த வெயர்ஹவுஸ் அலுவலகத்தில் யார் எந்த நேரம், எந்த வரிசையில் வேலை செய்வது என்று அட்டவணை போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் மூளைக்கு அந்த அட்டவணை காணாது. போனில் எந்நேரமும் ஏதாவது ஓர் ஆட்டக்காரனின் மூன்று வருடக் கணக்கு திறந்திருக்கும்.

அன்ரி பொதி கட்டும் வரிசையின் லீட், அதாவது அந்த வரிசையை நடத்துபவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் வலை, காலில் இரும்பு முனைச் சப்பாத்து, கழுத்தில் தாலிக்கொடிக்கு மேலே வேலை அட்டை. இந்த மனுசிக்கு எங்கிருந்து பேஸ்போல் என்று முதல் நாள் கேட்டேன். "சீரியல் பாக்கிறவைக்குச் சீரியல், எனக்கு உது. ஒவ்வொரு நாளும் வருது, ஒருத்தரும் அழுறேல்லை" என்றார். காலை பத்து மணிக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிட இடைவேளைதான் எங்கள் சபை. நான் புதிதாக ஒரு பந்துவீச்சாளனின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடிவருவேன். அன்ரி மார்க்கரின் மூடியைக் கழற்றாமலே கேட்பார்:

"வாறது சரி. போறது ஆர்?"

அதுதான் அவருடைய சட்டம். வலப்பக்கம் ஒரு பெயரை ஒட்டாமல் இடப்பக்கம் ஒன்றை ஒட்ட விடமாட்டார். நான் பிரயோசனமில்லாத இரண்டு பேரைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தை எடுக்கப் பார்த்தால், "ஏன் பிள்ளை, மற்ற அணிக்காரன் என்ன விசரனே?" என்பார். சுவிங்கத்தை வலப்பக்கம் ஒட்டியவரும் அவர்தான். அவன் அவருக்கு மிகப் பிடித்த ஆள். முப்பத்துமூன்று வயதாகிவிட்டது, இப்போது கொடுத்தால்தான் விலை என்றார். "பாவம் அன்ரி, அவன் இங்கேயே வளர்ந்தவன்" என்றேன். "பாவம் பாக்கிறதெண்டால் கோயிலுக்குப் போ" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அப்படியான பேச்சில் அவர் என்னைவிட ஒரு படி மேலே என்று அன்றைக்கு நினைத்தேன்.

மதியம் அவர் சாப்பாட்டு அறைக்கு வருவதில்லை. பன்னிரண்டு மணிக்கு வலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடப்பார். போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். இடையில் கிடைக்கும் பதினாறு நிமிடத்தில் சோற்றைச் சூடாக்கிக் கணவருக்குக் கொடுக்க வேண்டும். கணவருக்குப் பாரிசவாதம் வந்து வலக்கையும் காலும் சரியாக வேலை செய்வதில்லை. ஆறின சோற்றைத் தொடமாட்டார், தானாக எழுந்து எடுத்துச் சாப்பிடவும் மாட்டார் என்று அன்ரி ஒருமுறை சொன்னார், முறைப்பாடாக அல்ல, காலநிலை சொல்வதுபோல. இது வெயர்ஹவுஸில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பின்னால் வருவதை வாசிக்கும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது யூலையில் கம்பனி நகரத்தின் மற்ற ஓரத்தில், ரெக்ஸ்டேலில் இருந்த தன் பெரிய வெயர்ஹவுஸில் குளிரில் வைக்கவேண்டிய மருந்துகளைப் பொதி கட்டும் புது வரிசை ஒன்றைத் தொடங்கியது. நடத்தத் தெரிந்த ஒருவரை எங்களிடம் கேட்டார்கள். பதிலுக்கு ஆள் தருவதாகவும் சொன்னார்கள். எங்கள் மனேஜர் கோயம்புத்தூர்க்காரர், இதமான மனிதர். என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நீங்க டேட்டா ஆளு. எமோஷன் இல்லாம ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. யாரை அனுப்பினா நமக்கு லாபம்?" என்றார்.

அந்தக் கேள்வி என் காதில் எப்படி விழுந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோசமாக விழுந்தது. வருடக்கணக்காக விளையாட்டுக்குச் செய்ததை உண்மையாகச் செய்யச் சொல்கிறார்கள். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. முப்பத்தொரு பேரை வரிசையாகப் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒன்பது நிரல் போட்டேன். வேகம், பிழை, லீவு, அனுபவம் என்று போய்க்கொண்டிருந்தது. எட்டாவது நிரல், மத்தியான இடைவேளையிலிருந்து பிந்தி வந்த தடவைகள். அதில் பூச்சியம் வாங்கியிருந்தவர் அன்ரி ஒருவர்தான். பச்சை நிறம் அடித்தேன். அந்தப் பூச்சியம் எப்படி வந்தது, பதினாறு நிமிடத்தில் ஒருவருக்குச் சோறு கொடுத்து முடிக்க என்ன வேகம் வேண்டும் என்று யோசிக்கும் இடம் அதுதான். நான் ஒன்பதாவது நிரலுக்குப் போனேன்.

முடிவு அழகாக வந்தது. பிந்தி வரும் பெடியன்களை ரெக்ஸ்டேல் எடுக்காது. நடுத்தரமான ஆளுக்கு நடுத்தரமான ஆள்தான் கிடைக்கும். ஆனால் அன்ரியைக் கொடுத்தால் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்ட லைசன்ஸ் உள்ள இரண்டு இளம் ஆட்களைக் கேட்கலாம். இரண்டு மூன்று வருடத்தில் அவருக்கு வேகம் குறையும், இப்போதுதான் விலை உச்சம். இதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். மனேஜர் நெற்றியைத் தடவினார். "அவங்கதானே இங்க தூண்" என்றார். "தூணுக்குத்தான் விலை, சேர்" என்றேன். ரெக்ஸ்டேல் ஒரே நாளில் சம்மதித்தது.

கடிதம் போகமுதல் அன்ரிக்கு நானே சொல்ல வேண்டும் என்று அவசரப்பட்டேன். ஒரு ரசிகைக்கு மற்ற ரசிகை செய்தி கொண்டுபோகும் அவசரம் அது. பத்து மணிக்கு அவர் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றார்.

"அன்ரி, பெரிய ட்ரேட் ஒண்டு. முடிஞ்சுது."

"ஆர், சுவிங்கமே?" மார்க்கரின் மூடியைக் கழற்றி, வெறும் லேபிள் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டார்.

"இல்லை. எங்கட ஆள். இஞ்சத்தை ஆள்."

"சொல்லன், ஆர் போறது?"

"நீங்கள் அன்ரி. ரெக்ஸ்டேலுக்கு."

மார்க்கர் லேபிளைத் தொடவில்லை. அன்ரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, வழக்கமான அதே குரலில் கேட்டார்:

"எனக்குப் பதிலா ஆர் வருகினம்?"

"ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் லைசன்ஸ் இருக்கு."

"நீதானே கணக்குப் போட்டனீ?"

"ஓம்." அப்போதும் எனக்குப் பெருமைதான்.

"ரெண்டு பேர்." கொஞ்சம் யோசித்தார். "நல்ல டீல். நான் எண்டாலும் குடுத்திருப்பன்." மூடியைத் தேடி எடுத்து மார்க்கரை மூடினார். மூடியபின் பிரிட்ஜைப் பார்த்துச் சொன்னார்: "பேஸ்போலிலை பத்து வருசம் விளையாடி, கடைசி அஞ்சு வருசம் ஒரே அணியிலை நிண்டவனை, அவனைக் கேக்காமல் அனுப்பேலாது. நான் இஞ்சை பன்னிரண்டு வருசம்." பிறகு இன்னும் மெதுவாக, "மத்தியானம் அவருக்கு ஆர் சோறு குடுக்கிறது?" என்றார். அது என்னிடம் கேட்ட கேள்வி அல்ல. ஆனாலும் அந்த அறையில் என்னைத் தவிர வேறு ஒருவரும் இருக்கவில்லை.

அன்ரிக்குக் கார் ஓடத் தெரியாது. மில்லிக்கனிலிருந்து ரெக்ஸ்டேலுக்கு நகரத்தைக் குறுக்காகக் கடந்து இரண்டு பஸ். ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. மத்தியானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வேலையை விடவும் முடியாது, கணவரின் மருந்தெல்லாம் கம்பனிக் காப்புறுதியில்தான் வந்துகொண்டிருந்தது. இவை ஒவ்வொன்றும் எனக்கு முதலே தெரிந்தவைதான். அன்றைக்குத்தான் ஒன்றோடு ஒன்று சேர்ந்தன. மனேஜரிடம் ஓடினேன். மேலிடத்துக்குப் போய்விட்டது, இனித் திருப்பினால் தன் பெயர் கெடும் என்றார். "அப்ப நான் போறன். எனக்குக் கார் இருக்கு" என்றேன். அவர் சிரித்தது கேலியாக அல்ல, களைப்பாக. "உங்களுக்குப் பதிலா அங்கிருந்து ஒருத்தரைக்கூடத் தர மாட்டாங்கம்மா" என்றார். என் அட்டவணையை நானே போட்டபடியால் அது சரி என்று எனக்குத் தெரிந்தது.

அன்ரி அன்றே மாற்றக் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். வாசல் மூடும் நாளில் சுவிங்கம் உண்மையாகவே போய்விட்டான். வரிசைக்குப் போய்ச் சொன்னேன். "எனக்கு இப்ப நேரமில்லைப் பிள்ளை" என்று நாடாவை இழுத்துப் பெட்டியை ஒட்டினார். இரண்டு நாள் கழித்து ரெக்ஸ்டேலுக்குப் போய்விட்டார். பிரிட்ஜ் கதவை நான்தான் துடைத்தேன், பசை போக வெந்நீர் தேவைப்பட்டது.

இதற்குப் பிறகு நான் திருந்தி விளையாட்டை விட்டேன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். விடவில்லை. இப்போது நகர மையத்தில் வேறு வேலை, வேறு அட்டவணை, அதே போன், அதே வதந்திகள். ஒரு வித்தியாசம், என்னிடம் யாராவது ஆட்களை வரிசைப்படுத்தச் சொன்னால் முதலில் போய் அவர்களோடு தேத்தண்ணி குடிக்கிறேன். அதனால் என் வேலை பிந்துகிறது, அதைப்பற்றி மேலதிகாரி முணுமுணுக்கிறார்.

இந்த யூலையில், ஒரு ஞாயிறு காலை, மில்லிக்கன் பிளாசாவில் சாப்பாட்டுக் கடை வரிசையில் அன்ரியைக் கண்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி நின்றார். ஒளிந்துகொள்ள நினைத்த கணத்தில் அவர் திரும்பிவிட்டார்.

"என்ன பிள்ளை, மெலிஞ்சுபோனாய். அந்த ரெண்டு பேரும் எப்பிடி?"

சுகம் கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்டார். ஒருவன் குளிர்காலத்துக்கு முன்பே யூனியன்வில்லில் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டான், மற்றவன் நல்ல ஆள், இப்போது அவன்தான் லீட் என்றேன்.

"அப்ப ஒண்டுக்கு ஒண்டு. நீ அந்த ட்ரேட்டிலை தோத்துப்போனாய்." அவருக்கு அதில் உண்மையான திருப்தி இருந்தது.

நான் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "மத்தியானச் சாப்பாடு அன்ரி? மாமா..."

"முதல் கிழமை ஆறின சோத்தை அப்பிடியே வைச்சிருந்தார். ரெண்டாம் கிழமையும் அதுதான். நான் பின்னேரம் வந்து குடுக்கிறது. மூண்டாம் கிழமை ஒருநாள் வீட்டை வாறன், மைக்ரோவேவ் கதவு திறந்திருக்கு, சாப்பிட்ட கோப்பை கழுவிக் கவிட்டிருக்கு. இடக்கையாலை." வரிசையில் ஓர் அடி முன்னே போனார். "இப்ப நான் வரேக்கை எனக்கும் தேத்தண்ணி போட்டு வைக்கிறார். சீனிதான் கொஞ்சம் கூடிப்போகுது."

அப்படியென்றால் பெரிய கேடு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அன்ரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர முகம் மலருது. வேண்டாம்" என்றார், கோபமில்லாமல். "அது அவர் தானாச் செய்தது. அதுக்கு நான் உனக்கு நன்றி சொல்லமாட்டன். விளங்குதே?"

"ஓம் அன்ரி."

"அந்த ரெண்டு கிழமையை நீ ஒரு நிரலிலையும் போடேலாது."

"ஓம்."

அவருடைய பொதி வந்தது, இடியப்பமும் சொதியும். கையில் வாங்கி, அடியைத் தொட்டுச் சூடு பார்த்தார். "ஆறமுதல் போகவேணும்" என்றார். சூடாக்கத் தெரிந்த ஆள் இருக்கும் வீட்டுக்கு அவ்வளவு அவசரம் தேவையில்லை. ஆனாலும் பிளாசாவின் கார்களுக்கிடையால், பன்னிரண்டு மணிக்கு வலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் அதே வேகத்தில், அவர் நடந்து போனார்.