கத்திரியக்காவும் குளத்துச் செடிகளும்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதி முழுக்க அவள் கையில்தான் இருந்தது. முதலாளியிலிருந்து பொத்தான் தைக்கிற பெண்கள் வரை எல்லோரும் அவளைக் கத்திரியக்கா என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணம் கூடி வரவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தவும் இல்லை. வேலை, வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் என்று காலம் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, வலது கை மரத்துப்போகும் வரை.

முதலில் கட்டைவிரல், அப்புறம் அடுத்த இரண்டு விரல்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை செய்தார்கள். புண் ஆறியது, பிடிமானம் திரும்பவில்லை. தண்ணீர் டம்ளர்கூடக் கையில் நிற்காமல் நழுவியது. தொழிற்சாலையில் நல்லபடியாகவே பேசி அனுப்பிவைத்தார்கள். தகவல் தெரிந்து வந்த தம்பி, "வாக்கா, நம்ம வீட்டுக்குப் போலாம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டான்.

தம்பி சரக்குக் கப்பலில் சமையற்காரன். வருடத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதையாவது புதிதாகத் தொடங்குவான். ஆனால் ஆரம்பசூரன். புறாக்கூண்டு கதவில்லாமல் நிற்கிறது. மொட்டை மாடிக்கு என்று போட்ட இரும்புப் படி பாதி வழியில் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இந்த முறை கொல்லையில் குளம் என்று முடிவெடுத்தான். இடுப்பளவு பள்ளம் தோண்டி, தடித்த ரப்பர் விரிப்பைப் பரப்பி, தண்ணீரை நிரப்பி, ஓரமாகக் கற்களை அடுக்கினான். "உனக்கும் பொழுது போகும்க்கா" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான்.

குளம் இரண்டு பெண்களின் தலையில் விழுந்தது.

இன்னொருத்தி தம்பி மனைவி. பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்ட்டரில் வேலை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நாள் முழுக்க மைக்கில் அறிவிக்க வேண்டும். நடுநடுவே கண்ணாடித் துளை வழியாகக் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். அப்படிப் பேசுகிறவள் வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். சாப்பாட்டை எடுத்து வைப்பாள், துவைத்த துணியை மடித்துக் கட்டிலில் வைப்பாள், எல்லாம் மௌனமாக. கத்திரியக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. வேண்டாத விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிட்டோம், நல்ல மனசுக்காரி என்பதால் வெளியே போ என்று சொல்லாமல் இருக்கிறாள் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஒரே மாதத்தில் குளத்துத் தண்ணீர் பச்சைப் பெயின்ட் மாதிரி ஆகிவிட்டது. கையை விட்டால் முழங்கை தெரியாது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா ஒருவர் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையை மட்டும் நீட்டி, "கொசு எங்க வீட்டுக்குத்தான் குடித்தனம் வருதும்மா. மண்ணைப் போட்டு மூடிடுங்க" என்றார். தம்பி தொலைபேசியில் கேட்டபோது, "குளத்துக்கென்ன, ஜம்முன்னு இருக்கு" என்று அக்கா ஒரு பொய் சொல்லிவைத்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த தம்பி மனைவியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பா கோபமா என்று புரியவில்லை.

சும்மா சாப்பிடுகிறவள் இதையாவது செய்வோம் என்று கடையில் பாசி மருந்து வாங்கி ஊற்றினாள் கத்திரியக்கா. ஒரு வாரம் தண்ணீர் தெளிந்தது. அப்புறம் முன்னைவிட மோசமாகப் பச்சைபிடித்து, நாற்றமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் வளர்ப்பு மீன் விற்கிறவரிடம் போய் நின்றாள். வாயில் எப்போதும் சோம்பு மெல்லுகிற மனிதர் அவர்.

"தண்ணிக்குள்ள சத்து சேர்ந்து கிடக்கு. அதைத் தின்ன வேற யாரும் இல்ல, பாசி தின்னுது. தண்ணிக்கு அடியிலேயே வளர்ற செடி வைங்க. சத்தை அது இழுத்துக்கும், பாசி பட்டினி கிடக்கும்."

"அப்ப நாலு செடி குடுங்க."

"என்கிட்ட இருக்கறது எல்லாம் வெளிதேசத்துச் செடிங்க. மழையில உங்க குளம் நிரம்பி வழிஞ்சு, அது வாய்க்காலுக்குப் போயிடுச்சுன்னு வைங்க, அங்க இருக்கற நம்ம செடியை எல்லாம் அமுக்கிடும். நம்ம ஊர்ச் செடி அந்த வாய்க்கால்லயே இருக்கு. இப்ப தூர் வாரிக்கிட்டிருக்காங்க. கரையில அள்ளிக் கொட்டினதுல ஒரு பிடி எடுத்துக்குங்க, காசு எதுக்கு?"

விற்கிறவரே வேண்டாம் என்று சொன்னதை நினைத்து வியந்துகொண்டே அவள் வாய்க்காலுக்குப் போனாள். இயந்திரம் அள்ளிப் போட்ட சேற்றுக்குள் இரண்டு விதமான செடிகள் கிடந்தன. ஒன்றுக்கு நாடா மாதிரி நீண்ட இலை. இன்னொன்று வேரில்லாத கொடி, நரிவால் போலப் புசுபுசுவென்று இருந்தது. இயந்திரம் ஓட்டியவரிடம் கேட்டுவிட்டு வாளி நிறைய எடுத்துக்கொண்டாள். பேருந்து மாற வேண்டிய நிலையத்தில், இடது கையில் கனத்த வாளி, பாதம் வரை சொட்டும் சேற்றுத் தண்ணீர் என்று அவள் மேடையைத் தேடி அல்லாடிக்கொண்டிருந்தபோது மைக் குரல் சட்டென்று நின்றது. தம்பி மனைவி கவுண்ட்டரை விட்டு வெளியே வந்து, வாளியின் பிடியில் பாதியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். எதற்கு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போய், அதே வண்டி புறப்படுவதை அறிவித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாக நட்டார்கள். ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டுகளில் எரு கலக்காத மணலை நிரப்பி, நாடாச்செடியின் வேரை மட்டும் புதைத்து, மேலே பொடிக்கற்களைப் பரப்பினார்கள். நரிவாலைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, கல்லைத் தொங்கவிட்டு அமிழ்த்த வேண்டும். நூல் முடிச்சுப் போட அக்காவின் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவள் கொத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவள் முடிச்சுப் போட்டாள்.

சில நாட்களில் நாடா இலைகள் பழுத்தன. பிறகு கண்ணாடிபோல வெளுத்து, தொட்டால் கரைந்து கையோடு வந்தன. அதே வாரம் தொழிற்சாலையில் அவளுடைய மேசைக்குப் புது ஆள் வந்துவிட்டதாகவும் கேள்விப்பட்டாள். வராதா பின்னே என்று வெளியே சொல்லிக்கொண்டாலும் உள்ளுக்குள் ஏதோ இற்றுப்போனது. கைக்குப் பயிற்சி கொடுக்கிற ஆஸ்பத்திரி வேறு ஊரில் இருந்தது. ஒரு மாதம் தங்கச் சொன்னார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தச் செடியை எல்லாம் தூக்கிப் போட்டுடும்மா. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாதிரி குளத்தையும் மூடிடலாம்" என்றாள். தம்பி மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னார்கள், மாவு மாதிரி ஒன்றைப் பிசையச் சொன்னார்கள். விரல்களில் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனாலும் அவள் மனசு வேறொரு கணக்குப் போட்டது. தொழிற்சாலைத் தோழி ஒருத்தி தனியாக இருந்தாள். அவளோடு ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விடுவது, யாருக்கும் சுமையாக இருக்க வேண்டாம். தோழியிடம் அறை பார்க்கச் சொல்லிவிட்டாள்; ஊர் திரும்பியதும் தம்பி மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

திரும்பி வந்தவள் கை கால் கழுவக் கொல்லைக்குப் போனாள். குளத்தில் தண்ணீர் இருந்தது. அதோடு அடித்தரை தெரிந்தது. மணல் தட்டுகளிலிருந்து விரல் நீளத்துக்குப் புது நாடா இலைகள் நிமிர்ந்து நின்றன; நரிவால் நாலு மடங்கு பெருத்திருந்தது. வெயில் பட்ட இலைகளிலிருந்து கடுகளவு குமிழிகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவள் ஈரக்காலோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் தம்பி மனைவி வேலை முடிந்து வந்தாள்.

"தூக்கிப் போடச் சொன்னேனே."

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தேன் அண்ணி. இலைதான் போயிருந்துச்சு, வேர் வெள்ளையா இருந்துச்சு. மீன்கடைக்காரரைக் கேட்டேன். இடம் மாறின செடி அப்படித்தான், பழைய இலையை உதிர்த்துட்டுப் புதுசா விடும், அழுகினதை மட்டும் அள்ளுங்கன்னாரு. தினம் காலையில அள்ளினேன்."

"வேலைக்குப் போறவ, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

"நீங்க நட்டதாச்சே."

தோழி, அறை என்று சொல்ல வைத்திருந்தது எல்லாம் குழம்பி, கத்திரியக்காவின் வாயில் வேறொன்றுதான் வந்தது. "நீ என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதே இல்ல. நான் இங்க இருக்கறது உனக்குக் கஷ்டம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

தம்பி மனைவி நிஜமாகவே திகைத்துப் போனாள். "ஐயோ, நாள் பூரா பேசிப் பேசி எனக்குத் தொண்டை வத்திப்போகுது அண்ணி. யார் வீட்டுக்குப் போனாலும் பேச வேண்டியிருக்கு. உங்ககூட இருந்தாத்தான் பேசாம இருக்க முடியுது. நீங்களும் ஒண்ணும் கேக்க மாட்டீங்களா, எனக்கு அது எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அக்காதான் சிரித்தாள். இன்னொருத்திக்கு அது தொற்றிக்கொள்ள நேரமாகவில்லை. அன்று அக்கா தோழிக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "அறை வேணாம்டி. எனக்கு இங்கேயே சரியா இருக்கு."

அதற்கப்புறம் செடிகள் வளர்ந்த வேகத்துக்கு மாதம் ஒருமுறை கழித்துவிடவில்லை என்றால் குளமே அடைத்துக்கொள்ளும் போலிருந்தது. கத்திரியக்கா கரையில் பலகை போட்டு உட்கார்ந்து, முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுக் கத்திரிப்பாள். ஆரம்பத்தில் இடது கையால். பிறகு மெல்ல மெல்ல வலது கைக்கு மாற்றினாள். பழைய வேகம் வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் கத்திரி கையில் நின்றது, சொன்ன இடத்தில் வெட்டியது. அது போதும் என்று இருந்தது. வெட்டிய நுனிகளைக் கட்டி மீன்கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் கடை வாசலில் ஒரு தொட்டி வைத்து, "நம்ம வாய்க்கால் செடி, இலவசம்" என்று அட்டை எழுதி மாட்டினார். எப்படி நடுவது என்று கேட்கிறவர்களை அவளிடமே அனுப்பினார். சீக்கிரத்திலேயே மாலை வேளைகளில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி நிரந்தரமாகிவிட்டது.

தட்டான்கள் வந்தன. அவற்றின் குஞ்சுகள் தண்ணீருக்குள் கொசுப்புழுவை விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் கோர்ட் குமாஸ்தா சுவர் வழியாக, "அது என்னம்மா, சுருள் கம்பி மாதிரி?" என்று கேட்டார். நாடாச்செடி பூத்திருந்தது. நூல்போலச் சுருண்ட காம்பில் ஒரு வெள்ளைப் பூ அடியிலிருந்து ஏறி வந்து தண்ணீர்மட்டத்தில் மிதந்தது. கொசு பற்றிப் பேசிய வாயை மறந்து, அவர் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

தம்பி விடுமுறைக்கு வந்தான். குளத்தைச் சுற்றி இரண்டு தரம் நடந்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பார்த்தியா, நான் ஒரு வேலையை எடுத்தா எப்படி முடிக்கறேன்னு" என்றான்.

"ஆமாப்பா, உன்னால முடிஞ்சது" என்றாள் அக்கா. தம்பி மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

சாப்பிடும்போது தம்பி கேட்டான், "உண்மையிலேயே உனக்கு இங்க சௌகரியமா இருக்காக்கா? அவ வேற சரியாப் பேசக்கூட மாட்டா."

"அவளைப் பத்தி உனக்கென்ன தெரியும்? நீ கூட்டிட்டு வந்தே, அதுக்கு உனக்கு நன்றி. இருக்க வெச்சது அவ" என்றாள் கத்திரியக்கா. தம்பி மனைவி இன்னொரு கரண்டி சோற்றை அள்ளி நாத்தனாரின் தட்டில் வைத்தாள். பசி இல்லாவிட்டாலும் கத்திரியக்கா அதை முழுக்கச் சாப்பிட்டாள்.